சேமிப்பகம், சர்வர், பேரிடர் மீட்பு: அடிப்படைச் சொற்கள் அறிவோம்

"நம் அலுவலகக் கோப்புகளுக்கு பேக்கப் இருக்கிறதா?" என்று கணினியைப் பராமரிப்பவரிடம் கேட்டால், "இருக்கிறது சார்" என்ற பதில் உடனே வரும். ஆனால் அந்த ஒரு சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பதை ஒருவர் பேக்கப் என்பார். கூகுள் டிரைவில் கோப்புகள் தானாகப் போய்ச் சேர்வதை இன்னொருவர் பேக்கப் என்பார். வாரம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துப் பூட்டி வைப்பதை மற்றொருவர் பேக்கப் என்பார். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு ஆபத்துகளுக்கு உரியவை. ஒன்று தடுக்கும் இழப்பை மற்றொன்று தடுக்காது.

பள்ளிக்கூடம், சங்கம், ஜமாஅத் அலுவலகம், சிறு மருத்துவமனை, கடை என எல்லா இடங்களிலும் பதிவேடுகள் கணினிக்கு மாறிவிட்டன. அவற்றுக்குப் பொறுப்பாக இருப்பவர்களில் பெரும்பாலோர் கணினித் துறை படித்தவர்கள் அல்லர். விற்பவர் சொல்வதை நம்பியே முடிவெடுக்கிறார்கள். விற்பவர் பயன்படுத்தும் சொற்களின் பொருள் தெரிந்தால்தான் சரியான கேள்வியைக் கேட்க முடியும். அதற்குத் தேவையான அடிப்படைச் சொற்களை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

1. பிட், பைட், டெராபைட்

கணினி எதையும் 0 அல்லது 1 என்ற இரு குறிகளாகவே பதிந்து வைக்கிறது. அப்படிப்பட்ட ஒரு குறி ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இன்று பரவலாக உள்ள யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவைப்படுகிறது. மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட் ஆகும். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுத 5 பைட் போதும்.

ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட். அதே ஆயிரத்தின் மடங்கில் ஜிகாபைட், டெராபைட், பெட்டாபைட் என்று அளவு ஏறும். 1 டெராபைட் என்று சொல்லி வாங்கிய டிஸ்க், விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்கள் உண்டு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர் 1000இன் மடங்கில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் கணக்கிடுகிறது. அளவு ஒன்றுதான், அளவுகோல்தான் இரண்டு.

2. நினைவகமும் சேமிப்பகமும்

ராம் எனப்படும் நினைவகம் வேலை நடக்கும்போது மட்டும் தரவை வைத்துக்கொள்ளும். மின்சாரம் நின்றால் அதில் உள்ளது அழிந்துவிடும். மின்சாரம் இல்லாவிட்டாலும் தரவு தங்கும் இடம் சேமிப்பகம். தட்டச்சு செய்த கடிதத்தைச் சேமிக்காமல் இருக்கும்போது கரண்ட் போனால் கடிதம் காணாமல் போவது இதனால்தான். அதுவரை அது நினைவகத்தில் மட்டுமே இருந்தது.

சேமிப்பகத்தில் இன்று மூன்று வகைகள் முக்கியமானவை.

ஹார்டு டிஸ்க்: சுழலும் தட்டுகளில் காந்தப் புள்ளிகளாகத் தரவைப் பதிவது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வணிக ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய இயந்திரத்தின் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று கையடக்க டிஸ்க்கில் டெராபைட் கணக்கில் கொள்கிறது. விலை குறைவு, கொள்ளளவு அதிகம். ஆனால் உள்ளே அசையும் பாகங்கள் இருப்பதால் கீழே விழுந்தால் பழுதாகும், ஓடி ஓடித் தேயவும் செய்யும்.

எஸ்.எஸ்.டி.: அசையும் பாகமே இல்லாத, சிப்களில் மின்னூட்டமாகத் தரவைப் பதியும் கருவி. வேகம் மிக அதிகம், அதிர்ச்சியையும் தாங்கும். இதற்கும் இரண்டு குறைகள் உண்டு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. மின் இணைப்பே தராமல் நீண்ட காலம் அலமாரியில் வைத்திருந்தால் மின்னூட்டம் மெல்லக் கசிந்து தரவு கெடக்கூடும். பென் டிரைவும் மெமரி கார்டும் இதே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே பல்லாண்டுக் காப்புக்கு இவற்றை மட்டும் நம்புவது சரியல்ல.

காந்த நாடா: டேப் என்றதும் பழைய பாட்டு கேசட்தான் நினைவுக்கு வரும். பெரிய நிறுவனங்களும் தரவு மையங்களும் இன்றும் டேப்பைப் பயன்படுத்துகின்றன. எல்.டி.ஓ. 9 என்ற வகை நாடா ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். தேடி எடுப்பது மெதுவாக நடக்கும். ஆனால் இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்த நாடாவை எந்த நிரலும் அழிக்க முடியாது. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் மறைந்துபோயின. கூகுள் ஒவ்வொரு அஞ்சலையும் பல தரவு மையங்களில் வைத்திருந்தது. இருந்தும் மென்பொருளில் இருந்த ஒரு பிழை எல்லாப் பிரதிகளையும் பாதித்தது. கூகுள் கடைசியில் அவற்றை நாடாக்களிலிருந்துதான் மீட்டுக் கொடுத்தது.

3. சர்வர்

தமிழில் 'வழங்கி' என்று சொல்கிறோம். கேட்பவருக்குக் கேட்டதை வழங்கும் கணினி சர்வர். கேட்கும் கணினி அல்லது கைபேசி கிளையன்ட். சர்வர் என்பது ஒரு வேலையின் பெயர். சாதாரணக் கணினியும் அந்த வேலையைச் செய்ய முடியும். சர்வர் என்றே தயாரித்து விற்கப்படும் இயந்திரங்களில், இரவு பகலாக ஓடுவதற்கு ஏற்ற பாகங்களும், ஒன்று கெட்டால் மற்றொன்று வேலை செய்யும்படி இரட்டை மின்வழங்கியும், ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாற்றும் வசதியும் இருக்கும்.

இணையப் பக்கங்களைத் தருவது வெப் சர்வர், அஞ்சல்களைக் கையாள்வது மெயில் சர்வர், பெயர், கணக்கு, ரசீது போன்ற ஒழுங்குபடுத்திய தரவுகளைக் காப்பது டேட்டாபேஸ் சர்வர். அலுவலகம் முழுவதும் பொதுவாகக் கோப்புகளை வைத்துக்கொள்ள நெட்வொர்க்கில் இணைக்கும் சிறு பெட்டிக்கு நாஸ் என்று பெயர். ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் பல சர்வர்களைத் தனித்தனியாக ஓட்ட முடியும். அவற்றை விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். விர்ச்சுவல் மெஷின்கள் பத்து இருந்தாலும் அடியில் இருக்கும் இயந்திரம் ஒன்றுதான் என்றால், அது கெடும்போது பத்தும் சேர்ந்து நிற்கும்.

4. டேட்டா சென்டரும் கிளவுடும்

ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒரே கட்டிடத்தில் வைத்து, குளிரூட்டி, யு.பி.எஸ்., ஜெனரேட்டர், தீயணைப்பு, காவல் ஆகியவற்றோடு நடத்தும் இடம் தரவு மையம். அந்தச் சர்வர்களில் நமக்குத் தேவையான அளவை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்துக்கொள்வது கிளவுட். மேகம் என்ற பெயரைக் கேட்டு, தரவு எங்கோ ஆகாயத்தில் பத்திரமாக இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. அது தரையில், ஓர் ஊரில், ஒரு கட்டிடத்தில், ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. அந்தக் கட்டிடமும் தீப்பிடிக்கும்.

2021 மார்ச் 10ஆம் தேதி அதிகாலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், ஓ.வி.எச். கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டிடம் ஒன்று முற்றிலும் எரிந்துபோனது. பக்கத்துக் கட்டிடத்தின் ஒரு பகுதியும் சேதமடைந்தது. உயிரிழப்பு இல்லை. நிறுவனத்தின் தலைவர் வாடிக்கையாளர்களிடம், உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று சொன்னார். அப்படி ஒரு திட்டம் தேவை என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. பேக்கப்புக்கென்று பணம் கட்டியிருந்தும், அந்தப் பிரதியும் அதே வளாகத்தில் இருந்ததால் இரண்டையும் இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் நீதிமன்றம் வரை சென்றனர்.

கிளவுட் நிறுவனங்களின் விளம்பரங்களில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். அவைலபிலிட்டி என்பது கேட்கும் நேரத்தில் சேவை கிடைப்பது. டியூரபிலிட்டி என்பது வைத்த தரவு அழியாமல் இருப்பது. ஒரு சேவை இரண்டு மணி நேரம் நின்று, பிறகு எல்லாத் தரவோடும் திரும்பி வந்தால் முதலாவது குறைந்தது, இரண்டாவது குறையவில்லை. அவைலபிலிட்டி 99.9 சதவீதம் என்றால் ஓராண்டில் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் சேவை நிற்கலாம் என்று பொருள். 99.99 சதவீதம் என்றால் ஏறத்தாழ 53 நிமிடம்.

டிஸ்க் கெட்டால் அதை மாற்றுவது கிளவுட் நிறுவனத்தின் வேலை. நம் ஊழியர் தவறான கோப்பை அழித்துவிட்டால் அதற்குப் பொறுப்பு நாம்தான். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். 31ஆம் நாள் தேடினால் அங்கே கிடைக்காது.

5. ரெய்டு

பல டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து ஒரே டிஸ்க் போல இயங்க வைக்கும் முறை ரெய்டு. 1988இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குப் பெயரும் வகைப்பாடும் தந்தது.

ரெய்டு 0: தரவைப் பிரித்து இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். வேகம் கூடும், பாதுகாப்பு குறையும். ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போகும்.

ரெய்டு 1: ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். ஒன்று கெட்டாலும் மற்றொன்றை வைத்து வேலை தொடரும்.

ரெய்டு 5: குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். ஒன்று கெட்டால், மற்றவற்றில் உள்ள சரிபார்ப்புக் கணக்கிலிருந்து இழந்த தரவைத் திரும்பப் பெறலாம்.

ரெய்டு 6: குறைந்தது நான்கு டிஸ்க் வேண்டும். இரண்டு கெடும் வரை தாங்கும்.

டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காமல் நடப்பதே ரெய்டின் நோக்கம். ஒரு கோப்பைத் தவறாக அழித்தால், ரெய்டு 1 அதை இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துவிடும். பெட்டியைத் திருடன் தூக்கிப் போனால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். ஆகவே ரெய்டு பேக்கப் ஆகாது.

6. பேக்கப் என்றால் என்ன?

பேக்கப் என்று சொல்வதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, அது அசல் இருக்கும் கருவியை விட்டுத் தனியாக இருக்க வேண்டும். இரண்டாவது, அது கடந்த ஒரு நேரத்தின் நிலையைக் காட்ட வேண்டும். இன்று அசலில் ஏற்பட்ட கேடு நேற்றைய பிரதியைத் தொடக்கூடாது. மூன்றாவது, அதிலிருந்து தரவைத் திரும்ப எடுக்க முடியும் என்பது சோதித்து உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும். திரும்ப எடுப்பதற்கு ரீஸ்டோர் என்று பெயர்.

இந்த நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால், பேக்கப் என்று தவறாகச் சொல்லப்படும் மற்றவற்றையும் எளிதில் அடையாளம் காணலாம்.

சிங்க்: இரண்டு இடங்களில் உள்ள கோப்புகளை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருப்பது. கைபேசிப் படங்கள் கூகுள் போட்டோஸில் தெரிவது இப்படித்தான். அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் இணையக் கணக்கிலிருந்தும் அது நீங்கும். இங்கே இரண்டாவது நிபந்தனை இல்லை.

ரெப்ளிகேஷன்: ஒரு சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் மற்றொரு சர்வருக்கு அனுப்புவது. அது வேறு ஊரில்கூட இருக்கலாம். முதல் சர்வர் எரிந்துபோனால் இரண்டாவது கைகொடுக்கும். முதல் சர்வரில் தவறான கட்டளையால் தரவு அழிந்தால், அந்த அழிவும் உடனுக்குடன் இரண்டாவது சர்வருக்குப் போகும்.

ஸ்னாப்ஷாட்: ஒரு குறிப்பிட்ட நொடியில் டிஸ்க் எப்படி இருந்தது என்பதன் பதிவு. நொடியில் எடுக்கலாம், தவறுதலாக அழித்ததை மீட்க மிகவும் உதவும். ஆனால் பெரும்பாலும் அசல் இருக்கும் டிஸ்க்கிலேயே இதுவும் இருக்கும். டிஸ்க் போனால் இதுவும் போகும். இங்கே முதல் நிபந்தனை இல்லை.

இவை எவையும் வீண் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யும் என்று நினைப்பதுதான் ஆபத்து.

7. முழு பேக்கப், இன்கிரிமென்டல், டிஃபரன்ஷியல்

எல்லாக் கோப்புகளையும் நகலெடுப்பது முழு பேக்கப். தினமும் இப்படிச் செய்தால் நேரமும் இடமும் அதிகம் பிடிக்கும். அதனால் இரண்டு சிக்கன முறைகள் வந்தன.

ஞாயிறு இரவு முழு பேக்கப் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். இன்கிரிமென்டல் முறையில், திங்கள் இரவு ஞாயிறுக்குப் பின் மாறியவை, செவ்வாய் இரவு திங்களுக்குப் பின் மாறியவை என்று ஒவ்வொரு நாளின் மாற்றம் மட்டும் பதிவாகும். டிஃபரன்ஷியல் முறையில், ஒவ்வோர் இரவும் ஞாயிறுக்குப் பின் மாறிய எல்லாமே பதிவாகும்.

வியாழன் காலை டிஸ்க் கெட்டால், இன்கிரிமென்டலில் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நான்கு பிரதிகளும் வேண்டும். நடுவில் செவ்வாய்ப் பிரதி கெட்டிருந்தால் அதற்குப் பின் உள்ளதும் பயன்படாமல் போகலாம். டிஃபரன்ஷியலில் ஞாயிறும் புதனும் இருந்தால் போதும். முன்னது எடுப்பதற்கு எளிது, பின்னது மீட்பதற்கு எளிது.

எத்தனை காலத்துக்குப் பழைய பிரதிகளை வைத்திருப்பது என்பதற்கு ரிடென்ஷன் என்று பெயர். ஒரே வெளி டிஸ்க்கில் தினமும் பழையதை அழித்துப் புதியதை எழுதுபவருக்கு நேற்றைய நிலை மட்டுமே கையில் இருக்கும். பத்து நாளுக்கு முன் கெட்டுப்போன ஒரு கோப்பை இன்று கவனித்தால், அந்தக் கெட்ட கோப்பின் நகல்தான் அவருக்குக் கிடைக்கும். தினப் பிரதிகளில் சில, வாரப் பிரதிகளில் சில, மாதப் பிரதிகளில் சில என்று வைத்துக்கொள்வதே நல்ல முறை.

8. 3-2-1 விதி

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் வகுத்துச் சொன்ன இந்த விதியை இன்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். தரவுக்கு அசலையும் சேர்த்து 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வெவ்வேறு வகைச் சேமிப்பகங்களில் இருக்க வேண்டும். அவற்றில் 1 வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சிறு அலுவலகத்தில் இதை இப்படிச் செய்யலாம். கணினியில் அசல், வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, கிளவுடில் ஒரு பிரதி. வெளி டிஸ்க்கைக் கணினியின் பக்கத்திலேயே வைத்தால் தீயும் வெள்ளமும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். கிளவுடில் உள்ள பிரதி அந்த நேரத்தில்தான் உதவும்.

அரசாங்கமே இந்த விதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியா கண்டது. தேஜான் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்து, 600க்கும் மேற்பட்ட அரசுக் கணினிச் சேவைகள் நின்றன. மற்றவற்றில் பெரும்பகுதியை மெல்ல மீட்டார்கள். அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளைச் சேமிக்கும் ஜி டிரைவ் என்ற சேவை மட்டும் அடியோடு அழிந்தது. அதிலிருந்த தரவு 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்று சொல்லி, அதற்கு வெளியே பிரதி வைக்காமல் விட்டிருந்தார்கள். உலகில் இணைய வசதியில் முன்னணியில் உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று.

9. ரான்சம்வேரும் ஆஃப்லைன் பிரதியும்

கணினிக்குள் நுழைந்து, கோப்புகளை நம்மால் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் தீய நிரல் ரான்சம்வேர். கோப்புகளைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் முறைக்கு என்க்ரிப்ஷன் என்று பெயர். அந்த முறை நல்லதற்கும் பயன்படுகிறது. வெளி டிஸ்க் தொலைந்துபோனால் பிறர் படிக்காமல் இருக்க நாமே நம் பேக்கப்பை என்க்ரிப்ட் செய்து வைக்கலாம். ரான்சம்வேரில் சாவி திருடன் கையில் இருக்கிறது.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இப்படித் தாக்கப்பட்டன. நோயாளி பதிவு, கட்டணம், ஆய்வக முடிவு எல்லாம் ஏறத்தாழ இரண்டு வாரம் காகிதத்தில் கையால் எழுதப்பட்டன. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டது. தாக்குதலில் பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. பழைய பிரதி ஒன்றிலிருந்து சேவை மீண்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு ஆஃப்லைன் பிரதி இருக்கவில்லை.

ஆஃப்லைன் பிரதி என்றால் நெட்வொர்க்கிலிருந்தும் கணினியிலிருந்தும் கழற்றி வைத்த பிரதி. கணினியில் எப்போதும் செருகியே இருக்கும் வெளி டிஸ்க்கை ரான்சம்வேர் இன்னொரு டிஸ்க்காகவே பார்க்கும், அதையும் பூட்டும். குறித்த காலம் வரை யாராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி எழுதிவைக்கும் வசதியைச் சில கிளவுட் சேவைகள் தருகின்றன. அதற்கு இம்மியூட்டபிள் பேக்கப் என்று பெயர்.

2017 ஜூன் 27 அன்று டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் நாட்பெட்யா என்ற தீய நிரலால் முடங்கியது. யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்ற விவரத்தை வைத்திருக்கும் சர்வர்கள் அந்த நிறுவனத்துக்கு உலகம் முழுவதும் ஏறத்தாழ 150 இருந்தன. எல்லாம் ஒன்றையொன்று பார்த்துத் தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை. ஒன்று போனால் மற்றவற்றிலிருந்து மீட்கலாம் என்பதே ஏற்பாடு. எல்லாமே ஒரே நேரத்தில் அழிந்தால் என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு இல்லை. கடைசியில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர் தப்பியிருந்தது. தாக்குதலின்போது அங்கே மின்சாரம் தடைப்பட்டு, அது நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. நிறுவனம் மீண்டெழ அந்த ஒரு சர்வரே அடிப்படையானது. கானாவின் மின்வெட்டு தற்செயலாகச் செய்ததை நாம் திட்டமிட்டுச் செய்வதுதான் ஆஃப்லைன் பிரதி.

10. பேரிடர் மீட்பு

டிசாஸ்டர் ரெகவரி என்பது தீ, வெள்ளம், திருட்டு, தாக்குதல் போன்றவற்றுக்குப் பின் கணினிச் சேவைகளை மறுபடி இயங்க வைக்கும் திட்டம். பேக்கப் அதில் ஒரு பகுதிதான். பிரதி பத்திரமாக இருக்கிறது, அதை ஏற்றி ஓட்டக் கணினி இல்லை, மென்பொருள் இல்லை, கடவுச்சொல் தெரிந்தவர் ஊரில் இல்லை என்றால் மீட்பு நடக்காது. இத்திட்டத்தில் இரண்டு அளவுகளை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

ஆர்.பி.ஓ.: எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்ற அளவு. தினமும் இரவு 10 மணிக்கு பேக்கப் எடுக்கும் மருந்துக்கடையில் மறுநாள் மாலை 4 மணிக்கு டிஸ்க் கெட்டால், அன்றைய பில்கள் அத்தனையும் போகும். அதைத் தாங்க முடியும் என்றால் இரவு பேக்கப் போதும். முடியாது என்றால் மணிக்கொரு முறை எடுக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ.: எவ்வளவு நேரத்துக்குள் சேவை திரும்ப வேண்டும் என்ற அளவு. நம் ஊரில் ஆர்.டி.ஓ. என்றால் வண்டி ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகமோ கோட்டாட்சியரோதான் நினைவுக்கு வரும். இங்கே அது மீட்பு நேர இலக்கு. பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் பட்டியல் மூன்று நாளில் திரும்பினாலும் போதும். மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பு மூன்று மணி நேரம் இல்லாமல் போனாலே உயிருக்கு ஆபத்து.

இரண்டு அளவுகளும் குறையக் குறையச் செலவு ஏறும். ஆகவே எல்லாத் தரவுக்கும் ஒரே அளவை வைக்க வேண்டியதில்லை.

பேரிடர் வந்தால் மாறிக்கொள்ளத் தயாராக வைக்கும் மாற்று இடம் மூன்று வகைப்படும். எல்லாச் சர்வர்களும் தரவும் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பது ஹாட் சைட். இயந்திரங்கள் இருக்கும், சமீபத்திய தரவை ஏற்றித்தான் ஓட்ட வேண்டும் என்றால் அது வார்ம் சைட். இடமும் மின்சாரமும் மட்டும் இருந்தால் அது கோல்டு சைட். முதன்மைச் சர்வர் நின்றதும் மாற்றுச் சர்வர் பொறுப்பேற்பதற்கு ஃபெயில்ஓவர் என்று பெயர். பழுது நீங்கிய பின் பழைய இடத்துக்கே திரும்புவது ஃபெயில்பேக்.

இதோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு சொல் பிசினஸ் கன்டினியூட்டி, அதாவது பணித் தொடர்ச்சி. இது கணினியோடு நிற்காமல் மனிதர்கள், போக்குவரத்து, இடம் என எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், தொழிலாளர்கள் மறைமலைநகர் அச்சகத்தை அடைய முடியாததால், தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு அதுவே முதல் முறை. செய்திகள் கணினியில் பத்திரமாக இருந்தாலும் அச்சிட ஆள் வந்து சேர வேண்டுமே!

11. சோதனை

மூன்றாவது நிபந்தனைதான் அதிகம் கைவிடப்படுவது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுவோர் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில், இரவு வெகுநேரம் வேலை பார்த்த ஒரு பொறியாளர் மாற்றுச் சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

அந்த நிறுவனத்தில் தரவைக் காக்க ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. தினசரி பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. கிளவுடில் பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நல்ல வேளையாக, அந்தப் பொறியாளரே வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் கிடைத்தது. அதை வைத்து மீட்டார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. நடந்த எல்லாவற்றையும் மறைக்காமல் நிறுவனமே பொதுவில் எழுதி வெளியிட்டதால்தான் இன்று நாம் அதிலிருந்து பாடம் கற்க முடிகிறது.

ஆகவே மாதம் ஒரு முறையாவது பேக்கப்பிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாம் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, வெறும் கணினியிலிருந்து முழுமையாக மீட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆனதோ அதுவே நம் உண்மையான ஆர்.டி.ஓ. காகிதத்தில் எழுதி வைத்தது வெறும் விருப்பம்தான்.

12. கேட்க வேண்டிய கேள்விகள்

நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் கணினியைப் பராமரிப்பவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

• நம் தரவுக்கு எத்தனை பிரதிகள் உள்ளன? ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்தக் கருவியில் இருக்கிறது?

• இந்தக் கட்டிடம் எரிந்துபோனால் எந்தப் பிரதி மிஞ்சும்?

• எல்லாக் கணினிகளையும் வைரஸ் பூட்டிவிட்டால் எந்தப் பிரதி மிஞ்சும்?

• ஒரு மாதத்துக்கு முன் தவறாக அழித்த கோப்பை இன்று எடுக்க முடியுமா?

• கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள்? எவ்வளவு நேரம் ஆனது?

• கடவுச்சொற்களும் என்க்ரிப்ஷன் சாவியும் உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அவை எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளன?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரதி பத்திரமாக இருந்து, சாவி தெரிந்த ஒரே ஊழியர் வேலையை விட்டுப் போயிருந்தால், அந்தத் தரவு இருந்தும் இல்லாததுதான். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, பொறுப்பாளர் இருவருக்குத் தெரிந்த பெட்டகத்தில் வைப்பது செலவில்லாத ஏற்பாடு.

ஐந்தாவது கேள்விக்கு "இன்னும் செய்து பார்க்கவில்லை" என்ற பதில் வந்தால், இந்த வாரமே ஒரு நாள் குறித்து, அவரோடு பக்கத்தில் அமர்ந்து ஒரு கோப்பையாவது ரீஸ்டோர் செய்து பார்த்துவிடுங்கள்.